நாற்பது வயதில் யூத மதத்துக்குத் திரும்புகிறீர்களா? எங்கே தொடங்குவது

யூத அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பிறந்து, மதம் என்று பெரிதாக எதுவும் இல்லாமல் வளர்ந்து, முப்பத்தைந்து நாற்பது வயதில் "நம்ம வீட்டிலேயே ஏதோ இருந்ததே, அது என்ன" என்று கேட்கத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர். நியூஜெர்சியில் வளர்ந்தவர். டிசம்பரில் ஹனுக்கா பண்டிகைக்கு மெழுகுவத்தி, ஏப்ரலில் பாட்டி வீட்டில் ஒரு பெரிய சாப்பாடு, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த யூத மதம். நான் மதுரைப் பக்கம். எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்களில் இருந்து, பிள்ளைகளும் மருமகள்களும் மருமகன்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன, அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. திரும்பி வருகிறவரைப் பார்த்துப் பேசுவதுபோல எழுதுகிறேன். அவரோடு வாழ்கிறவர்களுக்கும் இது பயன்படும்.

இப்படித் தேடுகிறவர்கள் முதலில் வேறெங்கோ போய்ப் பார்த்திருப்பார்கள். யோகா, விபாசனா, ஜென். திருவண்ணாமலையில் கிரிவலம் போனால் இஸ்ரேலிய இளைஞர்களைப் பார்க்கலாம். அது புதிதும் இல்லை. 1936-இல் ரமணரிடம் வந்து அங்கேயே தங்கிவிட்ட எஸ். எஸ். கோஹன் ஈராக்கிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். புதுச்சேரி அன்னை 1878-இல் பாரிஸில் பிறந்தபோது மிர்ரா அல்ஃபாசா, அப்பா துருக்கியிலிருந்து வந்த யூதர், அம்மா எகிப்திலிருந்து வந்த யூதப் பெண். 1990-இல் ஒரு யூதக் குழு தரம்சாலா போய் தலாய் லாமாவைப் பார்த்தது. இத்தனை காலம் நாடில்லாமல் எப்படிப் பிழைத்தீர்கள், அந்த ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று அவர் இவர்களைக் கேட்டார். ஆக, நீங்கள் பத்து வருஷம் தியானம் செய்துவிட்டு வருகிறீர்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதைத் தூக்கிப்போடவும் வேண்டாம். ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: தனியாகக் கண்மூடி உட்கார்ந்து பழகியவருக்கு யூத மதம் ஆரம்பத்தில் ஒரே சத்தமாகத் தெரியும். இங்கே பெரும்பாலானவை சாப்பாட்டு மேசையிலும் கூட்டத்திலும்தான் நடக்கின்றன.

இன்னொன்று, "எனக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அதைத் தீர்த்துக்கொண்டு வருகிறேன்" என்று காத்திருக்காதீர்கள். யாத்திராகமம் 24:7-இல் சீனாய் மலையடிவாரத்தில் மக்கள் சொல்கிற பதிலில் "செய்வோம்" என்பது முதலில் வருகிறது, கேட்பதும் விளங்கிக்கொள்வதும் அதற்குப் பின்னால். ரபிகள் என்கிற யூத மத குருமார்கள் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசியிருக்கிறார்கள். சினகாக் என்ற தொழுகைக்கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவரிடம் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் வருவீர்களா என்றுதான் கேட்பார்கள்.

முதலில் ஒரு கசப்பான விஷயம்

இதைப் பின்னால் தெரிந்துகொண்டால் மனசு உடைந்துபோகும், அதனால் இப்போதே சொல்கிறேன். யூத மதத்தில் பழைய முறையை விடாத ஆர்த்தடாக்ஸ், நடுவில் நிற்கிற கன்சர்வேடிவ், தாராளமான ரிஃபார்ம் என்று பிரிவுகள் உண்டு. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் இரண்டு பிரிவிலும் அம்மா யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். அமெரிக்க ரிஃபார்ம் பிரிவு 1983-இல், அப்பா மட்டும் யூதராக இருந்தாலும் பிள்ளையை யூதராக வளர்த்திருந்தால் ஏற்பதாக முடிவெடுத்தது. அம்மா தமிழ், அப்பா கோஹன் என்றால், ஒரு சினகாக்கில் உங்களைத் தோரா என்ற வேதச் சுருளின் முன் அழைப்பார்கள், அடுத்த தெருவில் "நீங்கள் மதம் மாறியாக வேண்டும்" என்பார்கள். மதம் மாறுவது என்றால் படிப்பு, மூன்று பேர் கொண்ட பேத் தின் என்ற மன்றம், மிக்வே என்ற குளியல் தொட்டியில் முங்கி எழுவது, ஆண்களுக்கு விருத்தசேதனம். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். பெயரிலும் பாட்டியின் கதைகளிலும் யூதராக வாழ்ந்துவிட்டு இதைக் கேட்பது வலிக்கும். ஆனால் ரபியிடம் முதல் சந்திப்பிலேயே உங்கள் நிலைமையைச் சொல்லிவிடுவது நல்லது. அம்மா யூதர் என்றால் எவ்வளவு காலம் விலகியிருந்தாலும் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள், எந்தச் சடங்கும் தேவையில்லை.

அப்படித் திரும்புகிறவர்களை பால் தெஷுவா என்பார்கள். அவர்கள் நிற்கிற இடத்தில் முழு நீதிமான்களும் நிற்க முடியாது என்று தால்முத் என்ற பழைய சட்ட விவாதத் தொகுப்பில் ஒரு கூற்று உண்டு. வயதாகிவிட்டதே என்று கவலைப்பட்டால் பழங்காலப் பெரிய அறிஞர் ரபி அகிவாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்த்தவர், நாற்பது வயதில்தான் எழுத்துப் படிக்கத் தொடங்கினார், அதுவும் தன் மகனோடு சேர்ந்து உட்கார்ந்து, என்கிறது மரபு.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பிடியுங்கள்

எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: வெள்ளிக்கிழமை ராத்திரி. புத்தகம் வாங்குவது, வகுப்பில் சேர்வது எல்லாம் அப்புறம். ஷப்பாத் என்ற வாராந்தர ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை. விளக்கேற்றுவது வழக்கமாகச் சூரியன் மறைய 18 நிமிஷம் முன்னால். நியூயார்க் பக்கத்தில் ஜூனில் அது எட்டேகால் வாக்கில் வரும், டிசம்பரில் நாலேகாலுக்கே வந்துவிடும், ஆபீஸிலிருந்து ஓடிவர வேண்டியிருக்கும். ஹெப்கால் என்ற தளத்தில் உங்கள் ஊரைப் போட்டால் வாராவாரம் நேரம் சொல்லும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மேசையைத் துடைத்து ஒரு நல்ல துணி விரியுங்கள். இரண்டு மெழுகுவத்தி. முதலில் ஏற்றிவிடுங்கள், பிறகு சுடருக்கு மேல் கைகளை மூன்று முறை உங்கள் பக்கமாகச் சுழற்றி, கண்களைப் பொத்திக்கொண்டு சொல்லுங்கள்: "பாருக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹாஓலாம், அஷெர் கித்ஷானு பெமித்ஸ்வோதாவ், வெத்ஸிவானு லெஹத்லிக் நேர் ஷெல் ஷப்பாத்." கண்ணைப் பொத்தியிருக்கிற அந்த நேரத்தில் பெண்கள் தங்கள் சொந்த வேண்டுதலையும் சத்தமில்லாமல் சொல்லிக்கொள்வார்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். என் மாமியார் விளக்கேற்றுவதை விட்டு பல வருஷம் ஆகியும் இந்தக் கை அசைவு மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. வரிகள் மறந்துபோயிருந்தன, கை தானாகச் சுழன்றது. ஆண்கள் தனியாக இருந்தால் அவர்களும் ஏற்றலாம், ஏற்ற வேண்டும்.

பிறகு பிள்ளைகள் இருந்தால் தலையில் கைவைத்து ஆசீர்வாதம். பையனுக்கு எப்பிராயீமையும் மனாசேயையும் போல, பெண்ணுக்கு சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாளைப் போல என்று. அப்புறம் ஒரு கிண்ணத்தில் திராட்சை மது, வேண்டாம் என்றால் திராட்சைச் சாறு, அதன் மேல் கித்துஷ் என்ற ஆசீர்வாத ஜெபம். கை கழுவல். துணி மூடிய இரண்டு ஹல்லா ரொட்டி. இரண்டு ஏன் என்றால் வனாந்தரத்தில் வெள்ளிக்கிழமைகளில் மன்னா இரட்டிப்பாக விழுந்ததாம். துண்டு பிட்டு, உப்பில் தொட்டு, எல்லாருக்கும். அதன்பிறகு சாப்பாடு. கோழிக் குழம்பு வைத்தாலும் சரி (நெய், தயிர் சேராமல்; ஏன் என்று பின்னால் சொல்கிறேன்), பருப்பு சாதம் என்றாலும் சரி. ஷப்பாத்துக்கு என்று தனி மெனு சீனாய் மலையில் கொடுக்கப்படவில்லை.

போன்? ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் சனி இரவுவரை தொடமாட்டார்கள். விளக்கு சுவிட்ச், அடுப்பு, கார், பேனா எதுவும் கிடையாது. செய்யக்கூடாத வேலைகள் 39 வகை என்று மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு பட்டியல் போட்டிருக்கிறது. நீங்கள் முதல் வாரமே அத்தனையையும் பிடிக்கப்போனால் மூன்றாவது வாரம் ஓடிவிடுவீர்கள். சாப்பாடு முடியும்வரை போனை வேறு அறையில் வையுங்கள். அது பழகியதும் தூங்கப்போகும்வரை. அப்புறம் சனி மதியம்வரை நீட்டிப் பாருங்கள். பல வருஷம் தியானம் செய்தும் கிடைக்காத ஓர் அமைதி இந்த போன் இல்லாத சனிக்கிழமை காலையில்தான் கிடைத்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்; கொஞ்சம் மிகைதான், ஆனால் அவர் காலையில் போனைத் தேடாமல் காபி குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டில் தனியாகச் செய்யக் கூச்சமாக இருந்தால் யாராவது வீட்டில் விருந்தாளியாகப் போங்கள். ஷப்பாத் விருந்துக்கு அந்நியரைக் கூப்பிடுவது பெருமைக்குரிய காரியம். உலகத்தில் ஏறக்குறைய எந்தப் பெரிய ஊரிலும் ஹபாத் என்ற யூத இயக்கத்தின் வீடு ஒன்று இருக்கும், வெள்ளிக்கிழமை மேசை போட்டிருப்பார்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் போதும். அவர்கள் கடுமையான ஆர்த்தடாக்ஸ். ஆனால் வருகிறவர் எப்படி வாழ்கிறார் என்று நோண்டுவதில்லை.

சினகாக்குக்குப் போகும்போது

எந்தப் பிரிவு என்று குழம்பாதீர்கள். ரிஃபார்மில் உள்ளூர் மொழி அதிகம், இசைக்கருவி இருக்கும், ஆண் பெண் சேர்ந்து உட்காருவார்கள். கன்சர்வேடிவில் எபிரேயம் கூடும், சேர்ந்தே உட்காருவார்கள். ஆர்த்தடாக்ஸில் முழுக்க எபிரேயம், நடுவில் தடுப்பு, தனித்தனி இடம். ஸ்பெயின் வழி வந்த யூதர்களான ஸெபார்திகளின் கூடங்களில் ராகமே வேறு, நம் காதுக்கு அது சீக்கிரம் ஒட்டும். மூன்று நாலு இடம் போய்ப் பாருங்கள். கொள்கையைவிட, வாசலில் உங்களை யார் பேர் கேட்டு உட்காரவைத்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்தவர்கள்தான் நிலைத்திருக்கிறார்கள், நான் பார்த்தவரை.

போவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2018-இல் பிட்ஸ்பர்க் சினகாக்கில் ஒருவன் புகுந்து 11 பேரைச் சுட்டுக்கொன்றான், அதன்பிறகு காவலர் இல்லாத வாசல் அரிது. தெரியாத முகம், அதுவும் நம்மைப் போன்ற நிறம் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி வரலாம். மின்னஞ்சல் போட்டிருந்தால் "அவர்களுக்குத் தெரியும், நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லி உள்ளே போகலாம்.

முதல் தடவைக்கு வெள்ளிக்கிழமை மாலை சேவை நல்லது. ஒரு மணிநேரத்தில் முடியும், பாட்டுதான் அதிகம். சனி காலை இரண்டு மூன்று மணிநேரம் போகும். ஆண்கள் தலை மூட வேண்டும்; வாசலிலேயே ஒரு பெட்டி நிறைய கிப்பா என்ற சிறு தொப்பிகள் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். சிதூர் என்ற ஜெபப் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் புத்தகத்தைக் காட்டுங்கள், விரலை வைத்துக் காட்டுவார். எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். லெக்கா தோதி என்ற பாட்டின் கடைசிச் சரணத்தில் கூட்டம் முழுக்கத் திடீரென்று திரும்பி வாசலைப் பார்த்து நிற்கும். பயப்படாதீர்கள், ஷப்பாத்தை மணப்பெண்ணாக வரவேற்கிறார்கள், நீங்களும் திரும்புங்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸபேத் ஊரில் ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதிய பாட்டு அது.

ஆர்த்தடாக்ஸ் இடம் என்றால் ஷப்பாத்தில் போனை எடுக்காதீர்கள், குறிப்பு எழுதாதீர்கள், காணிக்கை என்று காசை நீட்டாதீர்கள். முடிந்ததும் ஓடிவிடாமல் கித்துஷுக்கு (தொழுகைக்குப் பிந்தைய சிற்றுண்டிக்கும் இதே பெயர்தான்) நில்லுங்கள்: ஹெர்ரிங் மீன், கேக், சில இடங்களில் ராத்திரி முழுக்க வெந்த சோலண்ட் என்ற குழம்பு. யார் யார் என்று தெரிவது அங்கேதான்.

எழுத்தும் படிப்பும்

எபிரேய எழுத்து 22. அதில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். 247-ஐ மனப்பாடம் செய்த நமக்கு இது ஒரு பொருட்டா? உயிர்க்குறிகள் புள்ளியும் கோடுமாக பெரும்பாலும் எழுத்துக்குக் கீழே வரும், சிதூரில் இருக்கும், தோராச் சுருளில் இருக்காது. தினம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தட்டுத்தடுமாறி வாசிக்கலாம். அர்த்தம் புரிவது வேறு விஷயம், அது வருஷக்கணக்கு.

படிக்க, தோராவை வாரப்பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், மொத்தம் 54 பகுதி, இலையுதிர் காலத்தில் சிம்ஹாத் தோரா பண்டிகை அன்று முடித்து அன்றே ஆதியாகமத்திலிருந்து மறுபடி தொடங்குவார்கள். எந்த வாரம் சேர்ந்தாலும் அந்த வாரத்துப் பகுதியிலேயே சேர்ந்துகொள்ளலாம். சஃபாரியா என்ற தளத்தில் தோரா, தால்முத், இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை எல்லாம் இலவசம், எபிரேயமும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். ஹவ்ருத்தா என்று ஒரு ஜோடி முறை உண்டு: இரண்டு பேர், ஒரு பக்கம், சத்தமாக வாசித்து வரிக்கு வரி சண்டை போடுவது. நம் ஊரில் பெரியவர் சொல்ல நாம் கேட்போம். இங்கே எதிர்க்கேள்வி கேட்காவிட்டால்தான் "நீ படிக்கவே இல்லை" என்பார்கள். சினகாக்கில் கேட்டால் ஆள் சேர்த்துவிடுவார்கள், வீடியோ அழைப்பிலும் நடக்கும். தால்முத்தைத் தினம் ஒரு தாள் என்று ஏழரை வருஷத்தில் முடிக்கிற தஃப் யோமி பற்றி யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள். இப்போது வேண்டாம்.

ஆன்மிகம் எங்கே என்று கேட்பவர்களுக்கு

சட்டமும் சாப்பாடுமாக இருக்கிறதே, நான் தேடிவந்தது எங்கே என்று இந்தக் கட்டத்தில் கேட்பீர்கள். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே மோதே அனி என்ற சிறு ஜெபம் சொல்லுங்கள், எபிரேயத்தில் 12 சொல்தான், உயிரைத் திருப்பித் தந்ததற்கு நன்றி. அதில் கடவுளின் பெயர் வராது, அதனால் கை கழுவுவதற்கு முன்னாலேயே சொல்லலாம். தூங்கப்போகும்போது ஷெமா என்ற விசுவாச வாசகம், உபாகமம் 6:4, கண்ணை மூடி.

தியானம் பழகியவர்கள் பிரெஸ்லவ் ரபி நாக்மனைத் (1772–1810) தேடிப் படியுங்கள். வயலுக்கோ காட்டுக்கோ தனியாகப் போ, உன் தாய்மொழியில், நண்பனிடம் பேசுவதுபோல, கடவுளிடம் வாய்விட்டுப் பேசு என்றார். சொல்ல ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்பதையே சொல்லலாம். ஹித்போததுத் என்று அதற்குப் பெயர். தாய்மொழி தமிழ் என்றால் தமிழிலேயே பேசுங்கள். காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து செய்கிறவர்களை எனக்குத் தெரியும். குணத்தைச் செதுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் இஸ்ரேல் ஸலந்தர் தொடங்கிய முஸார் பயிற்சி இருக்கிறது. பொறுமை, கோபம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தினம் குறிப்பெழுதிப் பார்ப்பது.

சமையலறை

இது மருமகள்களுக்கும் மருமகன்களுக்கும். படிப்படியாகப் போங்கள். முதலில் பன்றி, இறால், நண்டு நிறுத்தம். மீனில் துடுப்பும் செதிலும் இருப்பது மட்டும். அடுத்து இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் கூடாது, தோராவில் இதற்கான வரி மூன்று இடத்தில் வருகிறது. அதற்கும் பிறகுதான் கோஷர் (யூத உணவு விதிப்படியான) கடை இறைச்சி, தனிப் பாத்திரங்கள். சைவச் சமையல் வீடு என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, ஆனால் சீஸில் விலங்குப் பொருள் சேர்ந்திருக்கிறதா, கீரையில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உண்மையான சோதனை பெசஹா, அதாவது பஸ்கா பண்டிகை. இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள், புளித்த தானியம் எதுவும் வீட்டிலேயே இருக்கக்கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், அதுவும் போயாக வேண்டும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசி வழக்கத்தில் அரிசியும் பருப்பும்கூடக் கிடையாது, அதாவது இட்லி, சாம்பார், சாதம் மூன்றும் போச்சு. ஸெபார்திகள் பலர் அரிசி சாப்பிடுவார்கள். கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழுவும் 2015-இல் அரிசி பருப்பை அனுமதித்தது. எங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் பண்டிகைகளில் புதியவருக்கு மிக எளிதானதும் பெசஹாவின் செதேர் விருந்துதான். புத்தகத்தை வைத்து எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள், கேள்வி கேட்பதே அதில் சடங்கு. நான்கு பிள்ளைகளில் கேட்கக்கூடத் தெரியாத பிள்ளை ஒருவன் வருவான், அவனுக்கு நீயே பேச்சைத் தொடங்கிவை என்று புத்தகம் சொல்கிறது. பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் தொடங்காதீர்கள். 25 மணிநேர உபவாசம், நாள் முழுக்கத் தொழுகை, அமெரிக்காவில் பல இடங்களில் டிக்கெட் வேறு. ஒரு விதிவிலக்கு: 1913-இல் ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ரோஸன்ஸ்வைக், கிறிஸ்தவராக மாறுவதாக முடிவெடுத்திருந்தவர், பெர்லினில் யோம் கிப்பூர் தொழுகைக்குப் போன பிறகு அந்த முடிவைக் கைவிட்டதாகச் சொல்வார்கள். 1920-இல் ஃபிராங்ஃபர்ட்டில் பெரியவர்களுக்கான படிப்பு வீடு ஒன்றை நடத்தினார், அதிகம் தெரியாதவர்களுக்காகவே. தெஃபிலின் (தொழுகையில் கையிலும் நெற்றியிலும் கட்டுகிற வேதவரிப் பெட்டிகள்) கட்டுகிறீர்களா என்று கேட்டதற்கு "இன்னும் இல்லை" என்று பதில் சொன்னாராம். இந்தப் பதிலை நீங்களும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், நிறைய இடத்தில் உதவும்.

கதிஷ்

பலரைத் திரும்பக் கொண்டுவருவது தேடல் இல்லை, சாவு. அப்பா அம்மா இறந்தால் பிள்ளை 11 மாதம் கதிஷ் என்ற ஜெபம் சொல்வது வழக்கம். அரமேய மொழி, மரணம் என்ற பேச்சே அதில் இல்லை, முழுக்கக் கடவுள் துதி. தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் வேண்டும் (ஆர்த்தடாக்ஸில் பத்து ஆண்கள்). மாமனார் போனபோது என் வீட்டுக்காரர் ஆங்கில எழுத்துச் சீட்டைப் பார்த்துத் திக்கித் திக்கிச் சொன்னார். பக்கத்தில் நின்ற வயதானவர் ஒவ்வொரு வரியையும் அரை மூச்சு முன்னால் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டம் ஆமேன் சொன்னதும்தான் அடுத்த வரி. வருஷா வருஷம் யார்ட்ஸைட் என்ற நினைவுநாள், நம் திதி மாதிரிதான். எபிரேய நாட்காட்டிப்படி வரும், அதனால் ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே இருக்கும். அன்று 24 மணிநேரம் எரிகிற ஒரு விளக்கு.

ரபியைப் பார்க்கும்போது

ஓரிரு மாதம் இப்படிப் போன பிறகு ரபியிடம் நேரம் கேளுங்கள். கேட்க வேண்டியவை: என் நிலைமை உங்கள் கூடத்தில் என்ன? என் துணை யூதர் இல்லை, அவர் எதில் எல்லாம் கலந்துகொள்ளலாம்? பிள்ளைகளுக்கு என்ன வழி? உறுப்பினர் கட்டணம் எவ்வளவு, முடியாவிட்டால் குறைப்பீர்களா? (பெரும்பாலும் குறைப்பார்கள், கேட்கத்தான் கூச்சம்.) பதிலில் அவசரம் தெரிந்தால் கவனம். ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்று, பெற்றோர் வீட்டில் சாப்பிடாதே, பழைய நண்பர்களை விடு என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணுவதும் அதே பத்துக் கட்டளையில்தான் இருக்கிறது. அம்மா வீட்டில் கோஷர் இல்லை என்றால் பழமும் கறுப்புக் காபியும் சாப்பிட்டுக்கொண்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்து பேசலாம். பேப்பர் தட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அம்மாவிடம் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டு.